கவுண்டருக்கு அந்தப் பக்கம்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கல்வெட்டு, காப்பியம், காந்தியம் என்று எடையுள்ள தலைப்பாக இருக்க வேண்டும் என்பது நம் ஊர் வழக்கம். பர்கர் கடையைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னபோது துறைத் தலைவர் தொலைபேசியில் சிறிது நேரம் வாய் திறக்கவில்லை. பிறகு, "உங்கள் விருப்பம் ஐயா" என்றார். தொழிலாளர் சமூகவியலைப் பாடமாக நடத்தியே காலம் கழித்தவன் நான். பஞ்சாலைக்கும் துறைமுகத்துக்கும் அந்தப் பாடத்தில் இடம் உண்டு. உருளைக்கிழங்கு வறுவலை அட்டைப் பெட்டியில் அள்ளிக் கொடுக்கும் பெண்ணுக்கு இடம் இல்லை. இன்று ஒரு மணி நேரம் அவரைப் பற்றிப் பேசலாம்.

ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், பார்மா என்ற ஊரில் நடந்தது. சிப்போட்லே உணவகத்தில் தான் வாங்கிய உணவு சரியில்லை என்று ஒரு பெண் வாடிக்கையாளர் கூச்சல் போட்டார். கடைசியில் அந்தச் சூடான கிண்ணத்தை எதிரே நின்ற பெண் ஊழியரின் முகத்தில் வீசிவிட்டார். பக்கத்தில் இருந்த யாரோ படம் எடுத்தார்கள், உலகம் முழுக்கப் பரவியது. வழக்கு நகர நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதி சிறைத் தண்டனை விதித்தார். கூடவே ஒரு வழியும் காட்டினார்: இரண்டு மாதம் ஏதாவதொரு துரித உணவகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்த்தால் சிறையில் 60 நாள் குறையும். அந்தப் பெண் ஒப்புக்கொண்டார்.

பத்திரிகைகள் பாராட்டித் தீர்த்தன. 'பட்டால்தான் தெரியும்' என்ற நம் ஊர் நியாயமும் அதுதான். எனக்கு மட்டும் அந்தத் தீர்ப்பு தொண்டையில் சிக்கியது. சிறைக்குப் பதில் என்று நீதிபதி நீட்டிய அதே வேலையை ஒரு குற்றமும் செய்யாத லட்சக்கணக்கான பேர் தினமும் செய்கிறார்கள். முகத்தில் உணவு வாங்கிய பெண்ணும் அந்த வேலையில்தான் இருந்தார். அவருக்கு எந்த நீதிபதி என்ன தண்டனை கொடுத்திருந்தார்?

ஆனாலும் அந்தத் தீர்ப்புக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்தக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள், அடுத்தவரை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொள்வார்கள் என்பது அது. உண்மைதானா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வெறுமனே நின்றால் போதும் என்றால் அமெரிக்கா இதற்குள் உலகத்திலேயே பணிவான நாடாக ஆகியிருக்க வேண்டும். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தானே சொல்லிக்கொள்ளும் கணக்குப்படி அமெரிக்கர்களில் எட்டில் ஒருவர் எப்போதாவது அந்தக் கடையில் வேலை பார்த்தவர். அப்படியென்றால் கூச்சல் போடும் கூட்டத்திலும் எட்டில் ஒருவர் பழைய ஊழியராக இருக்க வாய்ப்பு உண்டு. மயாமியில் பதின்ம வயதில் மெக்டொனால்ட்ஸ் அடுப்பில் நின்றவர்களில் ஜெஃப் பெசோஸும் ஒருவர். அதை அவர் பெருமையாகவே சொல்லியிருக்கிறார். அவர் வளர்த்த அமேசான், தன் ஊழியர்கள் பாட்டிலில் சிறுநீர் கழிக்கும் நிலை இல்லை என்று 2021 மார்ச்சில் கிண்டலாக மறுத்தது. அடுத்த மாதமே, ஓட்டுநர்களுக்குக் கழிப்பறை கிடைப்பது சிரமம்தான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அடுப்பின் சூடு அங்கே என்ன கற்றுக்கொடுத்தது என்று தெரியவில்லை.

பட்டவர்கள் எல்லாம் பரிவு கொள்வார்கள் என்பது நம் வீட்டுக்குள்ளேயே பொய்த்துப்போன கொள்கை. மருமகளாக இருந்து பட்டதையெல்லாம், மாமியாரானதும் வட்டியோடு திருப்பிக் கொடுத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பர்கர் கடையிலும் அப்படித்தான். 'நான் இந்தத் தரையை ராத்திரி ஒரு மணிக்குத் துடைத்தவன், நீயும் துடை' என்கிற மேனேஜர் எல்லாக் கடையிலும் ஒருவர் உண்டு. துன்பம் தானாக யாரையும் நல்லவராக்குவதில்லை.

பிறகு என்னதான் கற்றுக்கொடுக்கிறது அந்த வேலை? என் பதில் இது. கவுண்டரில் உங்கள் முன் நிற்பவர், உங்களுக்குக் கோபமூட்டும் எதையும் தீர்மானித்தவர் அல்லர். இதை அந்தப் பக்கம் நின்று பார்த்தால் சந்தேகமின்றித் தெரியும். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் தெரியாது. தெரியாதபடிதான் அந்தக் கடை கட்டப்பட்டிருக்கிறது.

கட்டப்பட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ரிச்சர்ட், மாரிஸ் மெக்டொனால்ட் என்ற சகோதரர்கள் ஒரு கடை நடத்திவந்தார்கள். காரில் வந்து நிறுத்தினால் பணிப்பெண்கள் வண்டிக்கே வந்து கேட்டு, தட்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள். நல்ல வியாபாரம். 1948-இல் அந்தக் கடையை மூன்று மாதம் மூடினார்கள். பணிப்பெண்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். பட்டியலில் இருந்த 25 பண்டங்களை 9 ஆகக் குறைத்தார்கள். பீங்கான் தட்டு, கண்ணாடி தம்ளர், முள்கரண்டி எல்லாம் போய்க் காகிதம் வந்தது. வாடிக்கையாளர் இறங்கி வந்து, ஜன்னலில் நின்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஹாம்பர்கர் 15 சென்ட். சில ஆண்டுகள் கழித்துப் புதிய கட்டடம் கட்டும்போது வீட்டு டென்னிஸ் மைதானத்தில் சாக்பீஸால் கோடு கிழித்து, ஊழியர்களை அதன்மேல் நடக்கவிட்டு, எந்த இயந்திரம் எங்கே இருந்தால் கால் எட்டு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். 1954-இல் மில்க் ஷேக் கலக்கும் இயந்திரம் விற்கப் போன ரே கிராக் இதைக் கண்டு மயங்கியதும், 1961-இல் 27 லட்சம் டாலருக்கு அவர்களிடமிருந்தே நிறுவனத்தை வாங்கிக்கொண்டதும் நிர்வாகவியல் மாணவர்கள் மனப்பாடம் செய்யும் கதை.

அந்தப் பாடத்தில் சொல்லாத ஒன்று உண்டு. ஊழியரின் ஒவ்வொரு காலடியையும் அளந்தவர்கள், வாடிக்கையாளர் கத்தினால் அந்த ஊழியர் எங்கே போய் நிற்பது என்று ஒரு கோடும் கிழிக்கவில்லை. கத்துபவரும் கேட்பவரும் நிற்கும் தூரம் ஒரு மேசை அகலம்தான். கிண்ணத்தைத் தூக்கி வீசினால் நேராக முகத்தில் விழும் தூரம்.

நான் அந்த மேசைக்குப் பின்னால் நின்றது 1989-இல். அமெரிக்காவுக்கு ஆய்வு மாணவனாகப் போன முதல் வருடம், உதவித்தொகை வரவில்லை. மாணவர் விசாவில் போனவர்கள் வளாகத்துக்கு வெளியே வேலை பார்க்கக் கூடாது. வளாகத்துக்குள் என்றால் வாரம் 20 மணி நேரம் பார்க்கலாம். மாணவர் சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பர்கர் கடை இருந்தது. மணிக்கு 3 டாலர் 35 சென்ட். 1981 முதல் 1990 வரை அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி அதுதான், ஒரு சென்ட் கூட ஏறவில்லை. மேசையில் உட்கார்த்திப் பரிமாறும் ஓட்டல்களில் டிப்ஸ் கிடைக்கும். இந்தக் கடைகளில் அந்த வழக்கம் இல்லை.

கடையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். விலைப்பலகை எங்கே இருக்கிறது? ஊழியரின் தலைக்கு மேலே, விளக்குப் போட்டு. வரிசையில் நின்று முன்னால் வருபவர் அதைத்தான் அண்ணாந்து பார்ப்பார். பார்த்தபடியே என்ன வேண்டும் என்று சொல்வார். பிறகு பணப்பையைக் குனிந்து பார்ப்பார். மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை, நடுவில் முகம் வராது. சமூக ஏற்றத்தாழ்வு பற்றிய வகுப்பில் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து விவாதித்தவர், மாலையில் என்னிடமே வறுவலும் கோக்கும் வாங்கிக்கொண்டு போனார். சீருடைத் தொப்பிக்குக் கீழே இருந்தது நான் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. பலகையை அங்கே மாட்டியவர் அவர் அல்லர்.

பணத்தையும் பாருங்கள். நீட்டிய கையில் கொடுப்பவர்கள் உண்டு, மேசைமேல் போடுபவர்கள் உண்டு. சில்லறையை மேசையில் போட்டால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். நகத்தால் நெம்பி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், அதற்குள் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். அவர் முகம் சுளிப்பது காசைப் போட்டவரைப் பார்த்து அல்ல, எடுப்பவரைப் பார்த்து.

எங்கள் கடையில் எண்ணெய்க் கொப்பரைப் பக்கம் நின்ற அம்மையார் ஒருவர். அந்த ஊர்க்காரர், என் அம்மா வயது, இரண்டு முன்கையிலும் எண்ணெய் தெறித்த தழும்புகள். அவரிடம் ஒரு வித்தை இருந்தது. யாராவது குரலை உயர்த்தினால் அவர் தன் குரலை இறக்குவார். இன்னும் உயர்த்தினால் இன்னும் இறக்குவார். கடைசியில் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்காகவே எதிராளி வாயை மூட வேண்டிவரும். மனிதர்களைக் கையாள்வது பற்றிப் பின்னாளில் எத்தனையோ பயிலரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட உருப்படியாக எதையும் அங்கே சொல்லவில்லை.

அவர் இன்னொன்றும் செய்வார். ஆள் போன பிறகு அவரைப் பற்றி ஒரு வார்த்தை திட்ட மாட்டார். "வேறெங்கோ வாங்கியதை இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போகிறார்" என்பார். கோபத்துக்கு ஒரு முகவரி உண்டு, அது தன்னுடையது அல்ல என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் தவறான முகவரி விவகாரத்துக்கு மெக்டொனால்ட்ஸின் ஐஸ்கிரீம் இயந்திரத்தைப் போல் ஒரு நல்ல உதாரணம் கிடையாது. அமெரிக்காவில் எப்போது போய்க் கேட்டாலும் 'மெஷின் ஓடவில்லை' என்பதுதான் பதில், அது ஒரு தேசிய நகைச்சுவையாகவே ஆகிவிட்டது. கவுண்டரில் நிற்கும் பிள்ளைகள் சோம்பேறிகள், கழுவ வேண்டியிருக்கும் என்று பொய் சொல்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் நம்புகிறார்கள். கத்துகிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. உள்ளே இருக்கும் பால் கலவையைக் கிருமி நீங்கச் சூடாக்கி மறுபடி குளிரவைக்கும் சுழற்சி ஒன்று தினமும் ஓடும், அதற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். இடையில் ஏதாவது தடங்கல் வந்தால் திரையில் புரியாத குறியீடு ஒன்றைக் காட்டிவிட்டு இயந்திரம் வேலைநிறுத்தம் செய்யும். திறந்து பழுது பார்க்கலாமா? தயாரிப்பு நிறுவனம் அனுமதித்த மெக்கானிக்தான் வர வேண்டும். இயந்திரத்துக்குள் இருக்கும் மென்பொருள் பூட்டைத் திறப்பது பதிப்புரிமைச் சட்டப்படி சிக்கலாக இருந்தது. 2024 அக்டோபரில்தான் கடைகளில் உணவு தயாரிக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்க அந்தச் சட்டத்தில் விலக்குக் கொடுத்தார்கள். ஆக, தயாரிப்பாளர், தலைமை நிறுவனம், கடையை உரிமம் எடுத்து நடத்துபவர், சட்டம் என்று இத்தனை பேர் சம்பந்தப்பட்ட ஒரு தகராறு அது. வசவு வாங்குவது ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்கக்கூட உரிமை இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளை.

சிரிப்பும் அந்தப் பிள்ளையுடையது அல்ல. ராபின் லீட்னர் என்ற சமூகவியலாளர் மெக்டொனால்ட்ஸ் கவுண்டரில் தானே நின்று வேலை பார்த்து, 1993-இல் ஒரு நூல் எழுதினார். வாடிக்கையாளரை வரவேற்பதிலிருந்து நன்றி சொல்லி மறுபடி வரச் சொல்வது வரை ஆறு படிகள், ஒவ்வொன்றுக்கும் வசனம். இப்படி வாயில் வசனத்தைத் திணிப்பது கொடுமை என்றுதான் நமக்குத் தோன்றும். லீட்னர் கண்டது அவ்வளவு நேர்க்கோடு அல்ல. சில ஊழியர்களுக்கு அந்த வசனமே கவசம். திட்டுபவரிடமும் அதே வரியைச் சொல்லிவிட்டால், தன் சொந்தச் சொல் எதையும் செலவழிக்கவில்லை என்ற நிம்மதி. வாடிக்கையாளர்கள் இதைப் போலிச் சிரிப்பு என்று குறை சொல்வார்கள். மணிக்கு இத்தனை என்று கூலி பேசி வாங்கும் சிரிப்பில் அசலை எதிர்பார்ப்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-லேயே விமானப் பணிப்பெண்களை வைத்து இதை விரிவாக எழுதிவிட்டார். சமூகவியல் மாணவர்கள் அதைப் படித்திருப்பீர்கள், படிக்காதவர்கள் படியுங்கள்.

காரிலிருந்தே வாங்கும் டிரைவ்-த்ரூ இன்னும் விசித்திரம். பேசும் கம்பத்தருகே வண்டி வந்து நின்றதுமே தரையில் பதித்த உணர்கருவி உள்ளே இருப்பவரின் ஹெட்செட்டைத் திறந்துவிடும். வண்டிக்குள் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரியாது. புருஷன் பெண்டாட்டி சண்டை, பிள்ளைக்கு விழும் அடி, இந்தக் கடைக்காரர்களைப் பற்றிய அபிப்பிராயம் எல்லாம் ஒரு புதிய ஆளின் காதில் விழும். அடுத்த நிமிடமே அதே ஆள் ஜன்னலில் பையை நீட்டி, இந்த நாள் இனிதாக அமையட்டும் என்று சொல்ல வேண்டும். மனித சுபாவத்தைப் பற்றிய கல்வி என்றால் இது முதுகலைப் படிப்பு.

இதெல்லாம் வெறும் நயத்தகு நாகரிகம் பற்றிய பேச்சு, நாலு இனிய சொல் சொன்னால் முடிந்துவிடும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்த ஊழியர்களே என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். 2012 நவம்பர் 29 அன்று நியூயார்க்கில் ஏறக்குறைய 200 துரித உணவு ஊழியர்கள் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். வாடிக்கையாளர்கள் எங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை அல்ல. மணிக்கு 15 டாலர், சங்கம் வைக்கும் உரிமை, இரண்டுதான். அன்று அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி 7 டாலர் 25 சென்ட். 2009-க்குப் பிறகு அது இன்றும் மாறவில்லை. ஆனால் மாநிலங்கள் மாறின. கலிபோர்னியாவில் பெரிய துரித உணவு நிறுவனங்களுக்கு 2024 ஏப்ரல் முதல் மணிக்கு 20 டாலர். நியூயார்க் நகரம் 2017-இல் கொண்டுவந்த சட்டம் எனக்கு இன்னும் பிடித்தது. வேலை நேர அட்டவணையை 14 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும். ராத்திரி கடையை மூடிய ஆளையே விடிந்ததும் திறக்கச் சொல்லக் கூடாது. நடுவில் 11 மணி நேர இடைவெளி இல்லையென்றால் அவர் சம்மதம் வேண்டும், கூடுதலாக 100 டாலரும் கொடுக்க வேண்டும். தூக்கத்துக்கு விலை போட்ட சட்டம். அடுத்தவரை மதிப்பது என்றால் என்ன என்று கேட்டால், எந்த அறநூலையும் விட இந்த விதியை முதலில் காட்டுவேன்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். இந்த அரங்கில் இருக்கும் சிலர் அடுத்த வருடம் கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ படிக்கப் போவீர்கள். படிப்பு நடக்கும் நாட்களில் கனடாவில் வாரம் 24 மணி நேரமும் பிரிட்டனில் 20 மணி நேரமும் வேலை பார்க்கலாம். அந்த நேரம் பெரும்பாலும் ஏதாவதொரு கவுண்டருக்குப் பின்னால்தான் கழியும். உங்களுக்கு முன்னே ஈழத்திலிருந்து போனவர்கள் பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் பாத்திரம் கழுவித்தான் தொடங்கினார்கள். ஊரில் இருக்கும் பெற்றோரைக் கேட்டால், "பையன் பார்ட் டைம் பார்க்கிறான்" என்பார்கள். என்ன வேலை என்று சொல்ல மாட்டார்கள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவ விடாமல் வளர்த்த பிள்ளை ஊரார் தட்டைத் துடைக்கிறான் என்று வாயால் சொல்ல முடிவதில்லை. வெட்கம் வேலையில் இல்லை, அந்த வேலை பார்ப்பவர்களை நாம் இங்கே எப்படி நடத்தினோம் என்ற நினைவில் இருக்கிறது.

இங்கே நம் ஓட்டல்களில் மேசை துடைக்கும் பிள்ளைகள் இப்போது பிகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். சட்னி, சாம்பார், பார்சல் என்று ஒரு வாரத்தில் நம் சொற்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். நாம் அவர்களுக்கு வைத்திருக்கும் சொல் 'வடக்கன்'. விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறோம். ரவா தோசை வரத் தாமதமானால் அந்தப் பையனிடம் எரிந்து விழுகிறோம். எத்தனை பேருக்கு ஒரு தோசைக்கல் என்று முடிவு செய்தவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். பில் கொடுக்கும்போது அவரிடம் பல்லைக் காட்டிவிட்டு வருகிறோம்.

அந்தப் பிள்ளைகள் காலையிலிருந்து இரவு வரை நிற்கிறார்கள். ஜவுளிக்கடைப் பெண்களும் அப்படியே. 2021-இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. பணியாளர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம் என்பது அதன் சாரம். கேரளம் 2018-லேயே செய்துவிட்டது. சட்டம் இருக்கிறது. முக்காலி எத்தனை கடையில் இருக்கிறது, இருக்கும் கடையிலும் அதில் உட்காரத் துணிகிறவர்கள் எத்தனை பேர் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் குறை இருந்தால் பொறுத்துப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கோபப்படுங்கள், ஆனால் முகவரி பார்த்துக் கோபப்படுங்கள். பரிமாறுபவரிடம் உரிமையாளர் யார் என்று கேளுங்கள். தாமதமும் குறையும் யார் முடிவால் வந்ததோ அவரிடம் பேசுங்கள், எழுதுங்கள். இன்று மாலை இங்கிருந்து இறங்கிப் போய் நீங்கள் நுழையும் முதல் கடையில், வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் இருப்பவரிடம் அந்த 2021 சட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்தப் பணியாளர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், அவர் சொல்லித்தான் நீங்கள் கேட்டீர்கள் என்று பழி விழக்கூடாது.